தாஷ்கண்ட் படத்தில் நிற்பவர் யார்?

வெளியே தெரியும் ஒரு நிகழ்வுக்குப் பின்னால் சிலர் கூடி மறைத்த உண்மை ஒன்று உண்டு என்று கொள்ளும் விளக்கமுறையைச் சதிக்கோட்பாடு என்பர்; இறந்ததாக அறிவிக்கப்பட்ட புகழ்மிக்க ஒருவர் வேறு பெயரிலும் வேறு கோலத்திலும் வாழ்கிறார் என்று கூறுவது அதன் ஒரு கிளை. இந்தியாவில் அந்தக் கிளை நேதாஜி சுபாஷ் சந்திர போஸைச் சுற்றியே மிகுதியாகப் படர்ந்திருக்கிறது. அதில் அடிபடும் ஒரு நிழற்படத்தின் நடுநாயகரை அரியலூர் மக்கள் வேறொரு காரணத்துக்காக அறிவார்கள்.

பச்சைமலையில் தோன்றி, பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களைக் கடந்து கொள்ளிடத்தில் கலக்கும் மருதையாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடந்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைபுரளும் இயல்புடையது. 1956 நவம்பர் 23 அன்று, வெள்ளம் அரித்திருந்த அதன் பாலத்தில், சென்னையிலிருந்து சென்ற தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்து 140க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் மகபூப்நகர் ரயில் விபத்தின்போதே பதவி விலக முன்வந்து, நேருவால் தடுக்கப்பட்டிருந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, இம்முறை உறுதியாக நின்று விலகினார். தவறு அவருடையது அன்று, ஆயினும் பொறுப்பு அவருடையது என்ற நிலையில் நிகழ்ந்த அந்த விலகல், அமைச்சர் பொறுப்புடைமைக்கு இன்றுவரை இந்நாடு காட்டும் முதல் சான்றாக இருந்துவருகிறது.

பின்னாளில் பிரதமரான சாஸ்திரி, 1966 ஜனவரி 10 அன்று தாஷ்கண்டில் பாகிஸ்தானின் அயூப்கானுடன் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அன்று நள்ளிரவு கடந்து சிறிது நேரத்தில் காலமானார். அங்கே எடுக்கப்பட்ட படம் ஒன்றில் அவருக்கு அருகே காணப்படும் ஒருவரே போஸ் என்ற கூற்று, 2015ஆம் ஆண்டின் இறுதியில் முக ஒப்பீட்டு அறிக்கை ஒன்றின் துணையோடு பரவியது. முக ஒப்பீடு என்பது கண், மூக்கு, காது ஆகியவற்றின் அமைப்பையும் இடைவெளிகளையும் இரு படங்களில் ஒத்துப்பார்ப்பதாகும். தெளிவற்ற பழைய படத்தில் அது ஒற்றுமையைச் சுட்டலாமே தவிர, ஆளை நிறுவாது. அதைவிட வருந்தத்தக்கது, உடற்கூறாய்வு செய்யப்படாமலும், அவருடைய மனைவி லலிதா எழுப்பிய ஐயம் தீர்க்கப்படாமலும் போன சாஸ்திரியின் மரணம், அவருடைய கடைசிப் படங்களுள் ஒன்றிலேயே பின்னுக்குத் தள்ளப்பட்டதுதான்.

இதற்கு முன்மாதிரி ஒன்று உண்டு. 1964இல் நேருவின் உடலருகே நின்ற ஒரு துறவியின் படமும் போஸ் என்றே நெடுங்காலம் காட்டப்பட்டது. அவர் டெல்லியில் வாழ்ந்துவந்த கம்போடிய பௌத்தத் துறவி தர்மவாரா எனப் பின்னர் அடையாளம் காணப்பட்டார்.

தமிழ்நாட்டில் போஸ் இறக்கவில்லை என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியமைக்குத் தக்க காரணம் இருந்தது. மலாயாவின் தோட்டங்களிலிருந்து போஸ் தலைமை தாங்கிய இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர் பலர். போஸ் உயிரோடிருக்கிறார் என்று மேடைதோறும் உரைத்தவரோ, ஃபார்வர்ட் பிளாக் தலைவர் முத்துராமலிங்கத் தேவர். 1945 ஆகஸ்ட் 18 அன்று தைஹோகுவில், அதாவது இன்றைய தைபேயில், நிகழ்ந்த விமான விபத்தில் போஸ் இறந்தார் என்று 1956இல் ஷா நவாஸ் கான் விசாரணைக் குழுவின் பெரும்பான்மையும், 1970களில் கோஸ்லா ஆணையமும் முடிவுசெய்தன. முகர்ஜி ஆணையம் 2005இல் அதை மறுக்க, அரசு அந்த மறுப்பை ஏற்கவில்லை. உடலைக் காணாத மக்கள், முரண்படும் அறிக்கைகளுக்கும் 2016 வரை பூட்டிக்கிடந்த கோப்புகளுக்கும் இடையில், படங்களில் அவரைத் தேடியதைப் பேதைமை என்று ஒதுக்குவது நேர்மையாகாது.

எனினும் ஒற்றுமை வேறு, தொடர்பு வேறு. அரியலூர் தனி மாவட்டமாக மீண்டும் பிரிக்கப்பட்ட நாள் 2007 நவம்பர் 23. மருதையாற்று விபத்தும் நவம்பர் 23. இரண்டையும் முடிச்சிட எவரும் துணிவதில்லை, ஏனெனில் இரண்டின் காரணங்களும் ஊரறிந்தவை. போஸின் முடிவு அவ்வாறு ஊரறிய வேண்டுமானால், அதற்கான பொருள் டோக்கியோவின் ரென்கோஜி ஆலயத்தில் இருக்கிறது. போஸுடையது எனக் கருதி அங்கு வைக்கப்பட்டுள்ள அஸ்தியை மரபணுச் சோதனைக்கு உட்படுத்துமாறு அவருடைய மகள் அனிதா போஸ் ஃபாஃப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்.