தலைமுடிச் சாய நீக்கம்

தலைமுடிச் சாய நீக்கம் என்பது முடியில் முன்னர் ஏற்றப்பட்ட சாயத்தை, குறிப்பாகக் கருஞ்சாயத்தை, வேதிமுறையில் அகற்றுவது அல்லது வெளிறச் செய்வது ஆகும். கருஞ்சாயம் இட்ட ஒருவர் பழுப்பு போன்ற வெளிர்நிறத்திற்கு மாற விரும்பும்போது இது தேவைப்படுகிறது. ஒரு சாயம் மற்றொரு சாயத்தை வெளுக்காது என்பது இதன் அடிப்படை விதி. கருஞ்சாயத்தின் மீது இளம்பழுப்புச் சாயம் பூசினால், சாயம் படாது புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதி மட்டும் நிறம் மாறும். எஞ்சிய பகுதி கருமையாகவே இருக்கும்.

சாயம் முடியில் தங்கும் விதம்

முடியின் வெளிப்புறம் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த செதில்களால் ஆனது. அதனுள்ளே கெரட்டின் என்னும் புரதத்தாலான புறணி உள்ளது. இயற்கை நிறமியான மெலனின் இப்புறணியில்தான் இருக்கிறது.

இரண்டு பொருள்களாக விற்கப்பட்டு, பூசுவதற்குச் சற்றுமுன் கலக்கப்படும் நிலைச் சாயங்களில் ஆயத்தமான நிறம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஒன்றில் பாரா-பினைலீன்டையமீன் போன்ற சிறு மூலக்கூறுகளும், ரெசார்சினால் போன்ற இணைப்பிகளும், அம்மோனியா போன்ற காரமும் உள்ளன. மற்றொன்றில் ஐதரசன் பெராக்சைடு உள்ளது. காரம் செதில்களை விரிக்கிறது. சிறு மூலக்கூறுகள் புறணிக்குள் நுழைகின்றன. பெராக்சைடு அவற்றை ஆக்சிசனேற்றி ஒன்றோடொன்று இணைக்கிறது. இவ்வாறு உள்ளேயே உருவாகும் பெரிய நிறமூலக்கூறு, பலகைகளாகக் கொண்டுசென்று அறைக்குள் பூட்டிய கட்டிலைப் போன்றது. நுழைந்த வாயில் வழியே அப்படியே வெளிவராது.

இதே பெராக்சைடு இயற்கை மெலனினில் ஒரு பகுதியையும் அழித்துவிடுகிறது. எனவே சாயம் முழுமையாக நீங்கினாலும் பழைய இயற்கை நிறம் திரும்புவதில்லை. முடி செம்பு நிறமாகவோ செம்பழுப்பாகவோ தோன்றும். சாய நீக்கி பழுதானது எனப் பலர் கருதுவதற்கு இதுவே காரணம்.

முடி மாதத்திற்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்கிறது. ஆகவே 30 செ.மீ. நீள முடியின் நுனி சுமார் 30 மாத வயதுடையது. மாதந்தோறும் முடி முழுவதும் சாயமிட்டவரின் நுனியில் அத்தனை முறை சாயம் ஏறியிருக்கும். நுனி எளிதில் வெளிறாமல் இருப்பது வியப்பன்று.

ஒடுக்க முறை

வீட்டுப் பயன்பாட்டிற்கென விற்கப்படும் சாய நீக்கிகள் பலவற்றில் சோடியம் டைதயோனைட்டு அல்லது சோடியம் ஐதராக்சிமெத்தேன்சல்பினேட்டு போன்ற கந்தகச் சேர்மங்கள் உள்ளன. அழுகிய முட்டையை ஒத்த நாற்றத்திற்குக் காரணமும் கந்தகமே. இவை ஒடுக்கிகள், நிறமூலக்கூறை நிறமற்ற வடிவிற்கு மாற்றுகின்றன. மெலனினை வெளுப்பதில்லை. எனவே முடிக்கு நேரும் சேதம் வெளுக்கும் முறையைவிட மிகக் குறைவு. நிலைச் சாயத்தை நீக்க முதலில் முயலத் தக்கது இம்முறையே.

இதில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது பூச்சு அன்று, அதற்குப் பின்வரும் அலசல். நிறம் மறைந்தாலும் மூலக்கூறு முடிக்குள்ளேயே இருக்கிறது. நீண்ட நேரம் ஓடும் நீரில் அலசி அதனை வெளியேற்றாவிடில், காற்றிலுள்ள ஆக்சிசன் அதனை மீண்டும் நிறமுள்ளதாக்கும். முதல் நாள் வெளிறிய முடி மறுநாள் கறுப்பது இதனால்தான். உடனே பெராக்சைடு கலந்த புதுச்சாயம் இட்டாலும் எஞ்சிய மூலக்கூறுகள் கருமையடைந்து, எதிர்பார்த்ததைவிட அடர்ந்த நிறம் தோன்றும். சில நாட்கள் காத்திருப்பதும், விரும்பும் நிறத்தைவிட ஓரிரு படி வெளிர்நிறத்தைத் தேர்வதும் நலம்.

வெளுக்கும் முறை

பிரான்சிய வேதியியலாளர் லூயி ழாக் தெனார் 1818இல் ஐதரசன் பெராக்சைடைக் கண்டறிந்தார். இன்றைய வெளுப்புத் தூள்களில் பொட்டாசியம், அம்மோனியம் ஆகியவற்றின் பெர்சல்பேட்டுகள் உள்ளன; இவை பெராக்சைடுடன் கலந்து பூசப்படுகின்றன. புட்டிகளில் காணப்படும் ‘20 வால்யூம்’ என்பது ஏறத்தாழ 6 விழுக்காட்டையும், ‘40 வால்யூம்’ என்பது 12 விழுக்காட்டையும் குறிக்கும்.

இம்முறை சாயத்தையும் மெலனினையும் வேறுபாடின்றிச் சிதைக்கிறது. முடிக்கு வலிமை தரும் டைசல்பைடு பிணைப்புகளும் உடைகின்றன. முடி சொரசொரப்பாகி, நீர்பட்டால் இழுபட்டு அறுகிறது. கருமுடி செம்பழுப்பு, செம்மை, செம்மஞ்சள் என்று படிப்படியாகவே வெளிறும். ஒரே நாளில் மஞ்சள்வரை கொண்டுசெல்ல முயல்வதே வீட்டில் நேரும் பெரும்பாலான சேதங்களுக்குக் காரணம் எனலாம். 12 விழுக்காட்டுக் கரைசலை உச்சந்தோலில் படும்படி இடலாகாது, வேதிப்புண் உண்டாகும். பெர்சல்பேட்டுத் தூளை மூச்சுடன் இழுப்பது ஆசுத்துமாவைத் தூண்டக்கூடும். முடிதிருத்துநரிடையே இது அறியப்பட்ட தொழில்நோய்.

மருதாணி, அவுரி, உலோக உப்புகள்

மருதாணியின் லாசோன் என்னும் நிறமி கெரட்டினுடன் நேரடியாகப் பிணைகிறது. ஒடுக்கிகளால் இதனைப் போதிய அளவு நீக்க இயலாது. மருதாணிக்குமேல் கருமைக்காக இடப்படும் அவுரியின் நிலை வேறு. அவுரிநீலம் ஒடுக்கத்தால் மங்கினாலும் காற்றுப்பட்டதும் நீலமாகத் திரும்புகிறது. துணிக்கு நீலச்சாயம் ஏற்றும் தொட்டியில் நிகழ்வதும் இதே வினைதான். இம்முடியை வெளுக்கும்போது பச்சைச்சாயல் தோன்றலாம். வளரவிட்டு வெட்டுவதே இதற்கு உறுதியான தீர்வு. ‘கருமருதாணி’ என்று விற்கப்படும் தூள்கள் சிலவற்றில் பாரா-பினைலீன்டையமீன் கலந்திருப்பதால் உட்பொருள் பட்டியலைப் படிப்பது இன்றியமையாதது.

நரையைச் சிறிது சிறிதாகக் கருமையாக்கும் நீர்மங்கள் சிலவற்றில் ஈய அசெட்டேட்டு போன்ற உலோக உப்புகள் பயன்பட்டன. ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஈய அசெட்டேட்டுக்கான அனுமதியை நீக்கும் முடிவை 2018இல் வெளியிட்டது. உலோகம் படிந்த முடியில் பெராக்சைடு பட்டால் அது வேகமாகச் சிதைந்து கடும் வெப்பம் எழலாம். முடி அறுந்துபோவதும் உண்டு. எந்தச் சாயம் இடப்பட்டது எனத் தெரியாதபோது, வெட்டியெடுத்த சில முடிகளைச் சிறிது அம்மோனியா சேர்த்த 6 விழுக்காட்டுப் பெராக்சைடில் அரைமணி நேரம் இட்டுப் பார்க்கலாம். நுரைத்தாலோ சூடேறினாலோ அம்முடியில் பெராக்சைடு கலந்த எதனையும் பயன்படுத்தலாகாது.

வீட்டுப் பொருள்கள்

உயிர்ச்சத்து சி மாத்திரையைப் பொடித்துச் சாம்புவுடன் குழைத்துப் பூசும் வழக்கம் உண்டு. அசுகார்பிக் அமிலமும் ஓர் ஒடுக்கியே, ஆனால் வலுக்குறைந்தது. அண்மையில் இட்ட சாயத்தைச் சற்று மங்கச் செய்யும். பலமுறை ஏறிய கருஞ்சாயத்தில் பெரும் பயனில்லை. சமையல் சோடாவும் பொடுகுச் சாம்புவும் சில கழுவல்களில் நீங்கும் தற்காலிகச் சாயங்களுக்கே ஓரளவு உதவும். தரை கழுவும் வெளுப்பு நீர்மத்தில் சோடியம் ஐப்போகுளோரைட்டு உள்ளது. அது கெரட்டினையே கரைக்கும். எலுமிச்சைச் சாறு போன்ற அமிலத்துடன் சேர்ந்தால் நச்சுக் குளோரின் வளிமம் வெளிப்படும். அதனைத் தலையில் இடவே கூடாது.

ஒவ்வாமை

முன்னைய சாயத்தால் அரிப்போ வீக்கமோ ஏற்பட்டவர்களுக்குச் சாய நீக்கம் தீர்வாகாது. ஒவ்வாமை சாயத்துடன் நீங்குவதில்லை. அடுத்து இடும் வெளிர்நிறச் சாயத்திலும் அதே வகை அமீன்கள் இருக்கக்கூடும். புதுச்சாயத்தைச் சிறிதளவு தோலில் தடவி 48 மணி நேரம் பார்க்குமாறு பெரும்பாலான உற்பத்தியாளர்கள் அறிவுறுத்துகின்றனர். முன்பு முகம் வீங்கியவர்கள் இச்சோதனையையும் தாமே செய்யாமல் தோல் மருத்துவரிடம் செய்துகொள்வது நன்று.