கல்லெழுத்தும் கணிப்பொறிக் கையேடும்

கீழக்குயில்குடிச் சமணர் மலையில் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? தாமரைக் குளத்தைக் கடந்து மேலே சென்றால், பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாகக் காணப்படும். அவற்றின் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் எழுத்து நிற்கிறது. ஆனால் மலையேறுகிறவர்களில் அதைப் படிக்கக்கூடியவர் எத்தனை பேர்? நானும் படித்ததில்லை. கல் நிலைத்தது, எழுத்து முறைதான் வழக்கிழந்தது.

கணிப்பொறியில் இதற்கு ஆயிரம் ஆண்டு வேண்டியதில்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் கணிப்பொறியேற்றி இலவசமாக வழங்கி வருகிறது. அதன் தொடக்க கால நூல்கள் 'திஸ்கி' என்னும் குறியீட்டு முறையில் அமைந்தவை. அதற்குரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழ், பொருளற்ற குறிகளாகவே தெரியும். சில ஆண்டுகளிலேயே அவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

கட்டற்ற மென்பொருளின் கையேட்டை எழுதுவோர்க்கும் இதே சிக்கல் உண்டு. அத்துடன் இன்னொன்றும் சேருகிறது. முகமறியாத பலர் அதைத் திருத்துவார்கள். அத்திருத்தங்களை ஒருவர் சரிபார்க்க வேண்டும்.

சொற்செயலியில் எழுதினால் பக்கம் அழகாக இருக்கும். ஆனால் அக்கோப்பின் உள்ளே சொற்கள் சுருக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன. மாற்றங்களைக் கண்காணிக்கும் 'கிட்' போன்ற கருவி, பொதுவாக, கோப்பு மாறியுள்ளது என்று மட்டுமே சொல்லும். எது மாறியது என்று காட்டாது. வெறும் உரைக் கோப்பாயின், பழைய வரியையும் புதிய வரியையும் எதிரெதிரே காட்டிவிடும். மதுரையிலிருந்து ஒரு மாணவர் அனுப்பும் பிழைத்திருத்தத்தை வேறு நாட்டிலிருப்பவர் ஒரு நிமிடத்தில் சோதித்து ஏற்கலாம்.

தலைப்புகளுக்கு என்ன செய்வது? 2004-இல் வெளியான 'மார்க்டவுன்' முறையில், வரியின் தொடக்கத்தில் '#' இட்டால் அது தலைப்பாகும். கற்க அரை மணி போதும். குறை என்னவெனில், அட்டவணை போன்றவற்றில் இதற்குப் பல கிளைவழக்குகள் உண்டு. பெரிய கையேடுகளுக்கு 'ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்' ஏற்றது. பைத்தான் மொழியின் ஆவணங்கள் 2008-இல் வெளிவந்த 2.6 பதிப்பின்போது 'லாடெக்'கிலிருந்து இதற்கே மாறின. உங்கள் கல்லூரித் திட்டம் சிறியதாயின் மார்க்டவுனே போதும் என்பேன்.

கோப்பை யூனிகோடின் 'யூடிஎஃப்-8' வடிவில் சேமியுங்கள். வாக்கியத்துக்கு ஒரு வரியாக எழுதுங்கள். பத்தி முழுவதையும் ஒரே வரியாக எழுதினால், ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும் பத்தியே மாறியதாகக் கருவி காட்டும்.