எலும்பும் ஒரு நீர்த்தேக்கமே

கள்ளிக்காட்டில் வாழும் நம் அன்பர்களுக்கு நெய்யாற்று அணையின் பயனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1958-ஆம் ஆண்டு எழுந்த அவ்வணை, மழை நீரைத் தேக்கி வைத்து, வேண்டும்போது மதகுகளின் வழியே வெளிவிடுகிறது. நம் உடம்பினுள்ளும் இத்தகைய தேக்கம் ஒன்று உண்டு. அதுவே எலும்பு.

எலும்பு உடலைத் தாங்கும் வெறும் தூண் என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது உயிருள்ள பொருள். வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ 1 கிலோகிராம் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், உள்ளது. அதில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் தங்கியிருக்கிறது. எஞ்சிய சிறு பங்கை நம்பியே இதயம் துடிக்கிறது, தசை சுருங்குகிறது, நரம்பு செய்தி கொண்டு செல்கிறது. இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை அது இருத்தல் வேண்டும். மிகக் குறைந்தால் கைகால்கள் இழுத்துக்கொள்ளும். மிகுந்தால் உடல் சோர்வுறும்.

இந்த அளவைக் காக்கும் மதகுக் காவலர் யார்? கழுத்தில், தைராய்டுச் சுரப்பியின் பின்புறம், அரிசி மணி போல் ஒட்டியிருக்கும் பாராதைராய்டுச் சுரப்பிகளே. பெரும்பாலோர்க்கு இவை நான்கு. 1849-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை அறுத்து ஆராய்ந்தபோது, ரிச்சர்டு ஓவன் என்னும் அறிஞர் இச்சுரப்பியை முதன்முதல் கண்டார். மனிதரிடத்தும் இஃது உண்டென்று 1880-இல் ஸ்வீடன் நாட்டு ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம் எழுதினார்.

இரத்தத்தில் கால்சியம் சிறிது தாழ்ந்தாலும் இச்சுரப்பிகள் உணர்ந்துகொண்டு, தம் ஹார்மோனை வெளிவிடுகின்றன. அந்த ஹார்மோன் எலும்பைக் கட்டும் உயிரணுக்களிடம் செல்கிறது. அவை எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களைத் தூண்டுகின்றன. கரைந்த கால்சியம் இரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரில் கால்சியம் வீணாகாமலும் அந்த ஹார்மோன் தடுக்கிறது. அன்றியும், வைட்டமின் டி-யைச் செயற்படச் செய்து, உணவிலிருந்து மிகுதியாகக் கால்சியத்தைக் குடல் ஏற்குமாறு செய்கிறது. அளவு நிறைந்ததும் சுரப்பு தணிகிறது.

மதகு மூடாமலே இருந்துவிட்டால் என்னாகும்? வியன்னா நகரின் டிராம் வண்டி நடத்துநர் ஆல்பர்ட் யானே என்பவர்க்கு அதுவே நேர்ந்தது. எலும்பெல்லாம் வலித்து, 1924-இல் தொடையெலும்பும் முறிந்தது. எலும்பு நோயினால்தான் சுரப்பி பருக்கிறது என்று அக்கால மருத்துவர் பலர் எண்ணினர். ஆதலால் பெலிக்ஸ் மாண்டல் என்னும் அறுவை மருத்துவர் முதலில் வேறொருவர் சுரப்பியை அவர்க்குப் பொருத்திப் பார்த்தார்; பயனில்லை. பின்னர் 1925 ஜூலையில், பருத்திருந்த சுரப்பிக் கழலையை அகற்றினார். நடக்கமாட்டாதிருந்தவர் சில மாதங்களில் கைத்தடியூன்றி நடந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் நோய் திரும்பியதாயினும், சுரப்பியே காரணம் என்பது அன்று விளங்கிற்று.

வியப்பு யாதெனில், இடைவிடாது மிகுந்தால் எலும்பை அரிக்கும் இதே ஹார்மோன், நாளொன்றுக்கு ஒருமுறை சிறிதளவு ஊசி வழியாகச் சென்றால் எலும்பை வளர்க்கிறது. அத்தகைய மருந்துக்கு 2002-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

மேலை நாடுகளில் இச்சுரப்பி நோய் பெரும்பாலும் வழக்கமான இரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடுகிறது. நம் நாட்டிலோ எலும்பு நொந்து முறிந்த பின்னரே மருத்துவரிடம் வருவோர் பலர். நம் இல்லங்களில் தாய்மார்கள் "வயதாகிவிட்டது" என்று சொல்லி வலியைப் பொறுத்துக்கொள்கின்றனர். நீங்காத எலும்பு வலி, அடிக்கடி சிறுநீரகக் கல், தீராத தாகம், மலச்சிக்கல், காரணமற்ற சோர்வு ஆகியவை கூடி வருமாயின், இரத்தத்தில் கால்சியத்தையும் இந்த ஹார்மோனையும் அளந்து பார்க்குமாறு மருத்துவரைக் கேளுங்கள். அதற்கு முன் கால்சிய மாத்திரையைத் தாமே வாங்கி விழுங்குதல் தகாது.

நலமாயிருப்போரும் தேக்கத்தைப் பேணுதல் வேண்டும். பால், கேழ்வரகு, எள், முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவை கால்சியம் தருவன. வெயில் படாத உடலில் வைட்டமின் டி குன்றும். அக்குறையை ஈடுசெய்யச் சுரப்பி எலும்பிலிருந்தே எடுக்கும். ஆதலால் அடுப்படியிலேயே நாளைக் கழிக்கும் பெண்மணிகளும் சிறிது நேரமேனும் முற்றத்து வெயிலில் நிற்பாராக.