கேமிங் லேப்டாப் வாங்கப் போறீங்களா? ஐ5, ஐ7 குழப்பத்தில் 20,000 ரூபாயை விட்டுடாதீங்க



இன்கிரிமென்ட் லெட்டர் கைக்கு வந்ததும் நிறைய பேர் கேட்கிற கேள்வி இது: "ப்ரோ, கேம் விளையாட ஐ5 போதுமா, இல்ல ஐ7 எடுக்கணுமா? 20,000 ரூபாய்தான் வித்தியாசம்."

ஆடிட்டர்கிட்ட கேட்கிற கேள்வியா இதுன்னு சிலர் சிரிக்கலாம். ஆனால் கையில் இருக்கும் 90,000 ரூபாயை எந்தப் பாகத்துக்கு எவ்வளவு பிரித்துக் கொடுப்பது என்பது பட்ஜெட் கேள்விதானே? அதனால் பதிலை முதலிலேயே சொல்லிடறேன். கேமிங்தான் நோக்கம் என்றால் நடுத்தரமான ஒரு 'எச்' ரக ப்ராசஸர் போதும். மிச்சமாகும் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். ஏன் என்று பார்ப்போம்.

ஐ7 என்ற பெயரை மட்டும் நம்பாதீங்க

ஐ5, ஐ7 என்பது விற்பனைக்காக வைத்த வரிசைப் பெயர். உண்மையான விவரம் அதற்குப் பின்னால் வரும் எண்ணிலும் கடைசி எழுத்திலும்தான் இருக்கு.

ஒரு உதாரணம். இன்டெல்லின் கோர் ஐ7-1255யு ப்ராசஸரில் மொத்தம் 10 கோர்கள். ஆனால் அதில் வேகமான பி-கோர்கள் இரண்டுதான், மீதி எட்டும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சின்ன இ-கோர்கள். அதே தலைமுறையில் வந்த ஐ5-12450எச்-ல் மொத்தம் 8 கோர்கள், அதில் நாலு பி-கோர். முன்னதன் அடிப்படை மின்திறன் 15 வாட், பின்னதற்கு 45 வாட். எக்செல், மீட்டிங், நெட்ஃப்ளிக்ஸுக்கு அந்த 'யு' அருமை, பேட்டரி நிற்கும். மணிக்கணக்கில் கேம் ஓட்ட அந்த ஐ5-தான் சரி. இங்கே ஐ7 என்ற பெயருக்காகப் பணம் கொடுத்தால், அது தேவையில்லாத இடத்துக்குப் போன பணம்.

இன்னொன்று. ஐ5-13450எச்எக்ஸ், ஐ7-13620எச் இரண்டிலும் 6 பி-கோர், 4 இ-கோர், 16 த்ரெட். உச்ச வேகத்தில் ஐ7 கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பெயரில் ஒரு படி வித்தியாசம், உள்ளே எண்ணிக்கை ஒன்றே.

ஏஎம்டி பக்கமும் இதே கதைதான். ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்க, அதுதான் வடிவமைப்பின் வயசைச் சொல்லும். ரைசன் 7 7840எச்எஸ்-ல் அது 4, அதாவது ஜென் 4. ரைசன் 7 7735எச்எஸ்-ல் 3, அதாவது அதற்கு முந்தைய ஜென் 3 பிளஸ். ரைசன் 5 7520யு-வில் 2, அதாவது 2019-ல் அறிமுகமான ஜென் 2. மூன்றுமே '7' என்றுதான் ஆரம்பிக்கும். பெட்டியை மட்டும் பார்த்தால் எல்லாமே புதுசு மாதிரிதான் தெரியும்.

கேமில் யார் வேலை செய்றாங்க?

கேரக்டர் எங்கே நகருது, எதிரி என்ன செய்யறான், குண்டு யார் மேல் படுது என்ற கணக்கெல்லாம் ப்ராசஸருக்கு. அதைப் படமாக வரைந்து திரைக்கு அனுப்பும் வேலை கிராபிக்ஸ் கார்டுக்கு. இரண்டில் எது மெதுவோ, அதன் வேகம்தான் உங்களுக்குக் கிடைக்கும் வேகம்.

சைபர்பங்க் 2077 மாதிரி கனமான கேம்களை ஹை செட்டிங்கில் ஓட்டினால், பெரும்பாலும் முதலில் திணறுவது கிராபிக்ஸ் கார்டுதான். அப்போது ப்ராசஸரை ஐ9 ஆக்கினாலும் பெரிய வித்தியாசம் வராது. வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி போட்டி கேம்களை லோ செட்டிங்கில், 144 ஹெர்ட்ஸ் திரையில் ஆடுறவங்களுக்கு மட்டும் ப்ராசஸர் முக்கியம். 144 ஃப்ரேம் வரணும்னா ஒவ்வொரு ஃப்ரேமும் ஏறத்தாழ 7 மில்லி செகண்டில் தயாராகணும். அங்கேயும் உதவுவது வேகமான சில கோர்கள்தான், கோர்களின் மொத்த எண்ணிக்கை இல்லை.

இப்போ உங்ககிட்ட இருக்கிற லேப்டாப்பிலேயே ஒரு சின்ன டெஸ்ட் பண்ணலாம். கேமில் ரெசல்யூஷனைக் குறைங்க. ஃப்ரேம் எண்ணிக்கை நல்லா ஏறினால், இதுவரை இழுத்துப் பிடித்தது கிராபிக்ஸ் கார்டு. ஏறவே இல்லையென்றால் பெரும்பாலும் ப்ராசஸர்தான் காரணம். புதுசு வாங்குவதற்கு முன்பே எதற்குக் காசு கொடுக்கணும்னு தெரிஞ்சிடும்.

கிராபிக்ஸ் கார்டிலும் பெயரோடு நிற்காதீங்க. லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4050-ல் 6 ஜிபி மெமரி, 4060-ல் 8 ஜிபி. ஆனால் இரண்டையுமே 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் அமைக்க லேப்டாப் கம்பெனிக்கு என்விடியா இடம் கொடுத்திருக்கு. குறைந்த வாட்டில், மெல்லிய உடலில் அடைத்த 4060 தன் முழு வேகத்தைக் காட்டாது. அதனால் டிஜிபி எத்தனை வாட் என்பதை வாங்கும் முன் கட்டாயம் பாருங்க.

20,000 ரூபாய் கணக்கு

லேப்டாப்பில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் பொதுவாக போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தவை, பிறகு மாற்ற முடியாது. ரேமும் எஸ்எஸ்டியும் நிறைய மாடல்களில் பிறகு கூட்டிக்கொள்ளலாம். அதனால் மாற்ற முடியாததை இன்றைக்குச் சரியாகத் தேர்ந்தெடுங்க, மாற்றக்கூடியதை அடுத்த போனஸுக்கு விடுங்க. ஆனால் ரேமுக்குக் காலி ஸ்லாட் இருக்கான்னு முதலில் உறுதி பண்ணிக்கணும். ஒற்றை ரேமை விட இரண்டு ரேம் போட்டு ஓட்டும்போது பல கேம்களில் வேகம் நல்லாவே கூடும்.

இப்போ தேய்மானம். தொழில் செய்பவர்களுக்கு வருமான வரிக் கணக்கில் கணினிக்குக் கிடைக்கும் தேய்மானம் ஆண்டுக்கு 40%. அதே அளவுகோலை வீட்டுக் கணக்குக்கும் வைத்துப் பார்ப்போம். ஐ7-க்காகக் கூடுதலாகக் கொடுத்த 20,000 ரூபாய் முதல் வருஷ முடிவில் 12,000, இரண்டாவதில் 7,200, மூன்றாவதில் 4,320. அதே பணம் 7% வட்டியில் எஃப்டி-யில் இருந்தால் மூன்று வருஷத்தில், வரிக்கு முன், ஏறத்தாழ 24,500. வாங்காதீங்கன்னு சொல்லலை. அந்த வித்தியாசத்துக்கு ஈடா கேமில் என்ன கிடைக்குதுன்னு கேளுங்கன்னுதான் சொல்றேன்.

'நோ காஸ்ட்' இஎம்ஐ

90,000 ரூபாய் லேப்டாப், மாசம் 10,000 வீதம் 9 மாசம். இதில் வட்டி இல்லாமல் இல்லை, அதற்குச் சமமான தொகையை விலையில் முதலிலேயே கழிக்கிறாங்க. வட்டி ஆண்டுக்கு 15% என்று வைத்தால், உங்கள் கார்டில் ஏறும் கடன் சுமார் 84,620, வட்டி 5,380. அந்த வட்டி மேல் 18% ஜிஎஸ்டி, சுமார் 970 ரூபாய், உங்கள் ஸ்டேட்மென்ட்டில் தனியாக வரும். 199 ரூபாய் ப்ராசஸிங் ஃபீ இருந்தால் வரியோடு இன்னொரு 235. ஆக 'நோ காஸ்ட்'டின் காஸ்ட் ஏறத்தாழ 1,200 ரூபாய். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றால், கைவிட்ட அந்தத் தள்ளுபடியையும் இதோடு சேர்த்துக்கணும்.

இன்னொரு யோசனையும் காதில் விழும்: "ஃப்ரெண்டோட கம்பெனி பேர்ல பில் போடு, 18% மிச்சம்." 90,000 ரூபாய் பில்லில் ஜிஎஸ்டி ஏறத்தாழ 13,730, ஆசையாத்தான் இருக்கும். ஆனால் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்கு உள்ளீட்டு வரி எடுக்க ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு அனுமதிப்பதில்லை. மாட்டினால் வரி, வட்டி, அபராதம் எல்லாம் உங்கள் நண்பர் தலையில் விழும். வாரன்ட்டிக்கும் உங்கள் பேரில் பில் இருப்பதுதான் நல்லது. சம்பளதாரர் இதை வருமான வரியில் கழிக்கவும் வழியில்லை. இது முழுக்க உங்கள் கைக்காசு.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. ப்ராசஸர் பெயரின் கடைசியில் எச், எச்எஸ் அல்லது எச்எக்ஸ் இருக்கா? கேமிங்குக்கு 'யு' வேண்டாம்.
2. பி-கோர் எத்தனை? கனமான கேம்களுக்கு நாலு போதும், போட்டி கேம்களுக்கு ஆறு நல்லது. ஏஎம்டி என்றால் ஜென் 3 பிளஸ் அல்லது அதற்கு மேல், 6 கோர்.
3. கிராபிக்ஸ் கார்டு எது, எத்தனை வாட்?
4. ரேம் ஒன்றா இரண்டா, காலி ஸ்லாட் உண்டா?
5. இஎம்ஐ என்றால் வட்டி மேல் ஜிஎஸ்டி எவ்வளவு, ஃபீ எவ்வளவு?

இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்த பிறகும் ஐ7 மாடல்தான் பிடிச்சிருக்கா? அவசரகால நிதி தனியா இருந்து, எஸ்ஐபி நிற்காமல் ஓடினால் தாராளமா வாங்குங்க. உழைத்துச் சம்பாதிச்ச காசு, விளையாடவும் தானே! ஆனால் இரண்டில் ஒன்று நின்றாலும், ஐ5-ஓட நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள மாடலை எடுங்க. கேமும் நல்லா ஓடும், மாசக் கடைசியும் நிம்மதியா போகும்.