நோரா எப்போது புறப்பட்டாள்?

பாளையங்கோட்டையில் நான் ஆங்கில இலக்கியம் கற்பித்த காலத்தில், ஹென்ரிக் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைப் படித்து முடிக்கும் நாளன்று வகுப்பில் ஒரு கேள்வி தவறாமல் எழும். “மேடம், முதல் அங்கத்துல மக்ரூன் தின்னுக்கிட்டு, புருசன்கிட்ட காசுக்குக் கெஞ்சிக்கிட்டு இருந்த பொண்ணு, மூணாவது அங்கத்துல வக்கீல் மாதிரி பேசிட்டு வீட்டை விட்டுப் போறாளே, இது நம்புற மாதிரியா இருக்கு?” 1879 டிசம்பரில் கோபன்ஹேகனில் நாடகம் அரங்கேறிய நாள் முதல் விமர்சகர்கள் பலரும் கேட்டுவந்த கேள்விதான் இது.

நாவலாசிரியர் விரும்பினால் பாத்திரத்தின் மனதுக்குள் புகுந்து, அங்கே ஓடுவதை நமக்குச் சொல்லிவிடலாம். நாடகாசிரியருக்கு அந்த வசதி கிடையாது. வாய் பேசுவதையும் கை செய்வதையும் வைத்தே ஆளை எடைபோட்டாக வேண்டும். அதனால் மாணவிகளை முதல் வாசிப்பில் வசனத்தை ஒதுக்கிவிட்டு, மேடைக் குறிப்புகளை மட்டும் பென்சிலால் அடிக்கோடிடச் சொல்வேன்.

அப்படிப் படித்தால் தெரிவது இது. கிறிஸ்துமசுக்கு முந்தின நாள். கை நிறையப் பொட்டலங்களோடு நோரா வருகிறாள். மரத்தைச் சுமந்து வந்தவன் ஐம்பது ஓரே கூலி கேட்கிறான். ஒரு குரோன் கொடுத்து, மீதியை வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். பையிலிருந்து மக்ரூன் எடுத்துத் தின்கிறாள். சத்தம் வராமல் நடந்துபோய் கணவன் அறைக் கதவில் காதை வைக்கிறாள். அவன் வெளியே வருமுன் மக்ரூனை ஒளித்துவிட்டு வாயைத் துடைக்கிறாள். பிறகு அவன் துருவிக் கேட்கும்போது, தொடவே இல்லை என்று சாதிக்கிறாள். (நம் தூத்துக்குடி மக்ரூனில் முந்திரி, ஐரோப்பிய மக்ரூனில் பாதாம். பல் கெட்டுவிடும் என்று ஹெல்மர் மனைவிக்கு அதைத் தடை செய்திருக்கிறார்.) திரை உயர்ந்து சில நிமிடங்கள்கூட ஆகவில்லை. தாராள மனசு, ஆசை, எச்சரிக்கை, கூசாமல் பொய் சொல்லும் பழக்கம் எல்லாமே வெளிவந்துவிட்டன. ஒளிக்கத் தெரிந்தவளை வெகுளி என்று எப்படிச் சொல்வது?

அவள் ஒளித்துவைத்திருப்பது மக்ரூனை மட்டுமல்ல. கல்யாணமான புதிதில் ஹெல்மர் சாகக் கிடந்தார். தெற்கே வெப்ப நாட்டுக்குப் போனால்தான் பிழைப்பார் என்று மருத்துவர்கள் நோராவிடம் மட்டும் சொன்னார்கள். கணவன் சம்மதமில்லாமல் மனைவி கடன் வாங்க முடியாத காலம். தன் தந்தையின் கையெழுத்தைத் தானே போட்டு, க்ரோக்ஸ்டாட் என்பவனிடம் 4,800 குரோன் வாங்கி, கணவனை இத்தாலிக்கு அழைத்துப்போனாள். தந்தை இறந்தது செப்டம்பர் 29. பத்திரத்தில் அவர் கையெழுத்துக்குக் கீழே இருக்கும் தேதி அக்டோபர் 2.

அன்றிலிருந்து வீட்டுச் செலவுக்குத் தரும் பணத்தில் மிச்சம் பிடித்து, தனக்கு மலிவான துணி வாங்கி, அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு இரவெல்லாம் நகலெடுக்கும் வேலை பார்த்து, தவணை கட்டிவருகிறாள். ஒரு வருடம், இந்த இடத்தில் பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, “எங்கம்மா அப்பாவுக்குத் தெரியாம சீட்டு கட்டுறாங்க மேடம், பணம் உளுந்து டப்பாவுலதான் இருக்கும்” என்றாள். வகுப்பே சிரித்தது. ஆனால் அன்று நோராவை அவளைப் போலப் புரிந்துகொண்டவர் வேறு யாருமில்லை. அதன் பிறகு முதல் அங்கத்தைத் திரும்பப் படித்தோம். கிறிஸ்துமஸ் பரிசாகப் பணமே போதும், தங்கத்தாளில் சுற்றி மரத்தில் தொங்கவிடுகிறேன் என்று நோரா குழந்தைபோலக் கொஞ்சும் இடம் வந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்தக் கொஞ்சலுக்குப் பின்னால் தவணை நாள் நின்றுகொண்டிருந்தது.

ஹெல்மரை வில்லனாக்கிவிடுவது பலரும் செய்வது. அப்படிப் படித்தால் நாடகத்தின் பாதி வீணாகிவிடும். அவர் குடிப்பதில்லை, அடிப்பதில்லை, நேர்மையாகச் சம்பாதிக்கிறார், தமக்குத் தெரிந்த விதத்தில் மனைவியை நேசிக்கவும் செய்கிறார். அவர் யாரென்று தெரிய இரண்டாம் அங்கத்தில் ஓர் இடம் இருக்கிறது. வங்கியில் தமக்குக் கீழே வேலை செய்யும் க்ரோக்ஸ்டாட்டை அவர் ஏன் நீக்குகிறார்? அவன் ஒரு காலத்தில் செய்த மோசடியையாவது மன்னித்திருப்பாராம். கூடப் படித்தவன் என்ற உரிமையில், நாலு பேர் முன்னால் வாடா போடா என்கிற தோரணையில் பேசுகிறானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இது அற்பமான காரணம் என்று நோரா வாய்தவறிச் சொல்லிவிடுகிறாள். சுருக்கென்று தைக்கிறது. அந்த நிமிடமே வேலைக்காரியைக் கூப்பிட்டு நீக்கக் கடிதத்தை அனுப்பிவிடுகிறார். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதே இவர் உயிர்நாடி என்று தெரிந்துகொண்ட பிறகு, மூன்றாம் அங்கத்தில் அவர் செய்வது எதுவும் வியப்பாக இருக்காது. க்ரோக்ஸ்டாட்டின் கடிதத்தால் மனைவியின் குற்றம் தெரிந்ததும் தம் பெயர் போயிற்றே என்று குமுறுகிறார். க்ரோக்ஸ்டாட் கடன் பத்திரத்தைத் திருப்பி அனுப்பியதும் தாம் தப்பித்ததைத்தான் முதலில் கொண்டாடுகிறார். நோரா கேட்ட பிறகே அவளும் தப்பித்தது அவர் நினைவுக்கு வருகிறது.

கதை சொல்லும் முறையில் இப்சன் செய்த காரியம் துணிச்சலானது. 1851 முதல் பெர்கன் நகர நாடக அரங்கில் வேலை பார்த்தபோது, பிரெஞ்சுக்காரர் ஸ்க்ரீபின் நாடகங்கள் பலவற்றை அவர் மேடையேற்றியிருக்கிறார். ரகசியம், மிரட்டுபவன், தடுக்க முடியாத கடிதம், கடைசி நேரத்தில் மனம் மாறும் பழைய காதலன் என்று அந்த நாடகங்களின் சூத்திரம் அவருக்கு அத்துப்படி. ‘பொம்மை வீட்’டிலும் அதையேதான் ஓட்டுகிறார். பூட்டிய தபால் பெட்டிக்குள் க்ரோக்ஸ்டாட்டின் கடிதம் கிடக்கிறது, சாவி கணவனிடம். அந்தப் பூட்டில் நோராவின் கொண்டை ஊசி ஒடிந்து கிடக்கிறது. வழக்கப்படி, பத்திரம் நெருப்பில் விழுந்ததும் கணவன் மன்னிக்க, மனைவி கண்ணீர்விட, திரை விழவேண்டும். இப்சன் அங்கேதான் தன் நாடகத்தைத் தொடங்குகிறார் என்பேன். கணவன் தேர்ந்தெடுத்த மீனவப்பெண் வேடத்தைக் களைந்துவிட்டு, நோரா அன்றாட உடையில் வந்து அவரை மேசைக்கு எதிரே உட்காரச் சொல்கிறாள். எட்டு வருடத் தாம்பத்தியத்தில் இருவரும் உட்கார்ந்து உருப்படியாகப் பேசுவது அதுதான் முதல் முறை. இந்த உரையாடல்தான் புதுமை என்று பெர்னார்ட் ஷா சரியாகக் கண்டுகொண்டார்.

பெண் விடுதலை நாடகம் என்று ஒரே வரியில் சொல்வதில் தவறில்லை. ஆனால் 1898இல் நார்வேப் பெண்கள் சங்கம் அளித்த விருந்தில், அந்த நோக்கத்தோடு தாம் எழுதவில்லை என்று இப்சனே சொல்லிவிட்டார். பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு எது போய்ச்சேர்கிறது என்ற பயமும் நாடகம் முழுக்க ஓடுகிறது. குடும்ப நண்பர் டாக்டர் ராங்க், தந்தையின் ஒழுக்கக்கேட்டால் வந்த முதுகெலும்பு நோயில் சாகிறார். பொய் சொல்லும் தாயின் பிள்ளைகள்தான் கெட்டுப்போகிறார்கள் என்று ஹெல்மர் க்ரோக்ஸ்டாட்டை மனதில் வைத்துச் சொல்கிறார். தைப்பது நோராவுக்கு. அன்றிலிருந்து தன் மூன்று குழந்தைகளை அருகில் விடவே அஞ்சுகிறாள்.

இரண்டாம் அங்கத் தொடக்கத்தில் ஆயா ஆன்-மேரியோடு அவள் பேசும் காட்சியை மேடையில் சிலர் வெட்டிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுப்பதில்லை. நோராவை வளர்க்கும் வேலைக்கு வருவதற்காகத் தான் பெற்ற மகளை அந்நியரிடம் விட்டுவந்தவள் ஆன்-மேரி. பெற்றதை விட்டுவர உனக்கு எப்படி மனம் வந்தது என்று நோரா அவளிடம் கேட்கிறாள். தான் இல்லாமல் போனால் தன் பிள்ளைகளுக்கு ஆன்-மேரி இருப்பாள்தானே என்றும் உறுதி செய்துகொள்கிறாள். அப்போது கடிதம் வரவில்லை, கணவனின் சுயரூபமும் தெரியவில்லை. சாவதா, போவதா என்றுகூட அவள் முடிவு செய்யவில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கு ஏற்பாடு செய்தாயிற்று. என் மாணவிகளின் கேள்விக்கு நான் காட்டும் பக்கம் இதுதான்.

1880இல் ஜெர்மானிய நடிகை ஹெட்விக் நீமன்-ராபே, தாயானவள் பிள்ளைகளை விட்டுப்போகமாட்டாள் என்று சொல்லி, நோரா வீட்டை விட்டுப் போகும் முடிவில் நடிக்க மறுத்தார். வேறு யாரோ கைவைப்பதைவிடத் தாமே மாற்றுவது மேல் என்று இப்சன் இன்னொரு முடிவை எழுதிக் கொடுத்தார். அதில் ஹெல்மர் அவளைக் குழந்தைகளின் அறைக்கதவுக்கு இழுத்துப்போக, அவள் சரிந்து விழுகிறாள். தன் நாடகத்தின் மீது நிகழ்ந்த காட்டுமிராண்டித்தனம் என்று இப்சன் அதைக் கண்டித்தார். அந்த முடிவு ஏன் ஒட்டவில்லை என்பதை விளக்கக் கொள்கை எதுவும் தேவையில்லை. ஆயாவிடம் அந்தப் பேச்சைப் பேசியவள், குழந்தைகளின் கதவைப் பார்த்துத்தான் அவர்களை நினைத்துக்கொள்ள வேண்டுமா?

‘பொம்மை வீடு’ படித்தவர்கள் உடனே இப்சனின் ‘பேய்கள்’ நாடகத்தை எடுக்க வேண்டும். 1881இல் எழுதியது. கணவனை விட்டு ஓடிவந்து, பாதிரியாரின் புத்திமதியால் திரும்பிப்போய் வாழ்ந்த ஆல்விங் அம்மாளின் கதை. முதல் அங்கத்தில் அவள் மேசைமேல் சில புத்தகங்கள் கிடக்கின்றன. அவற்றைக் கையில் எடுத்ததும் பாதிரியார் மாண்டர்ஸின் முகம் மாறுகிறது. பென்சிலால் அங்கே முதல் கோடு போடுங்கள்.