மறைந்தொளிரும் இரட்டை விண்மீன்கள்

விண்மீனைச் சிறந்த தொலைநோக்கியால் நோக்கினும் அஃது ஓர் ஒளிப்புள்ளியாகவே தோன்றுவது பெரும்பான்மை. அப்புள்ளியினுள் இரண்டு ஞாயிறுகள் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்றும், அவற்றுள் ஒன்று பெரியது மற்றொன்று வெம்மை மிக்கது என்றும், சிலவிடத்து இரண்டும் உருத்திரிந்து தம்முள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றும் வானநூலார் கூறக் கேட்கும் மாணவர், இவர் இதனை எங்ஙனம் அறிந்தார் என ஐயுறுதல் இயல்பே. அவ்வையத்திற்கு விடை பெரும்பாலும் ஒரு கோட்டில் அடங்கியுள்ளது. அக்கோட்டைப் படிக்கும் முறையையும், படிப்பதில் அறிஞர்க்கே நேர்ந்த சில இடர்ப்பாடுகளையும் இங்கே சிறிது ஆராய்வோம்.

1782-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் இரவில், இங்கிலாந்து தேசத்து யார்க் நகரில் ஜான் குட்ரிக் என்னும் இளைஞர், பெர்சியஸ் மண்டலத்திலுள்ள அல்கோல் என்னும் விண்மீன் வழக்கத்தினும் மிக மங்கித் தோன்றக் கண்டு வியப்புற்றார். அப்பொழுது அவர்க்கு வயது 18. குழந்தைப் பருவத்திலேயே நோயினாற் செவிப்புலனை இழந்தவர். அல்கோலின் ஒளி மாறுவதென்பதை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டிற்கு முன்னரே இத்தாலிய அறிஞர் மோந்தனாரி கண்டிருந்தார். ஆயினும், அம்மாற்றம் நாழிகை தவறாது நிகழ்வதென்பதை நிறுவினவர் குட்ரிக்கே. அவரும் அவர்தம் அயலவராகிய எட்வர்டு பிகாட்டும் பல மாதங்கள் இரவுதோறும் விழித்திருந்து நோக்கினர். மூன்று நாட்களுக்குச் சற்றுக் குறைந்த காலத்திற்கொருமுறை அவ்விண்மீன் மங்கித் தெளிவது புலனாயிற்று. இதற்கு அவர் இரண்டு காரணங்களைக் கருதினார். அல்கோலைச் சுற்றிவரும் பேருரு ஒன்று அதனை இடையிடையே மறைத்தல் வேண்டும்; அன்றேல், அல்கோலின் ஒருபுறம் கறைபடிந்ததாய், அது தன்னைத்தானே சுற்றுங்கால் அப்புறம் நம்மை நோக்குதல் வேண்டும். 1783-இல் இலண்டன் ராயல் சங்கத்தார் அவர்க்குக் காப்லி பதக்கம் அளித்தனர். மறு ஆண்டில் யாழ் மண்டலத்துப் பீட்டா விண்மீனும் மாறுவதை அவர் கண்டு, அதற்குக் கறையே காரணம் போலும் என எழுதினார். முதற் கருத்தே மெய்யென்பது அவர் அறிந்து மகிழக் கிடைத்ததன்று. 1786 ஏப்ரல் 16-இல் அச்சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்று, நான்கு நாட்களில், 21 வயதில் அவர் உயிர் நீத்தார். போட்ஸ்டாம் நகரத்து வோகல் என்பார் 1889-இல் அல்கோலின் நிறமாலையை ஆராய்ந்து, மங்குதற்கு முன் அவ்விண்மீன் நம்மைவிட்டு விலகுவதையும் மங்கிய பின் நம்மை நோக்கி வருவதையும் கண்டபோதுதான், அது காணா நட்பொன்றுடன் சுற்றுவது ஐயமற விளங்கிற்று.

இனிக் கோட்டிற்கு வருவோம். ஒரு விண்மீனின் ஒளியைப் பல இரவுகள் அளந்து, காலத்தைக் கிடையாகவும் ஒளியின் அளவை நெடுக்காகவும் வைத்துத் தாளிற் குறித்தால் அமைவது ஒளிவளைகோடு. பகலும் மேகமும் இடைமறிப்பதால் அளவுகள் தொடர்ச்சியின்றிச் சிதறிக் கிடக்கும். ஆதலின் அவற்றைச் சுழற்சிக் காலத்தின்படி மடித்தல் வேண்டும். ஒரே பூவேலை திரும்பத் திரும்ப நெய்யப்பட்ட சீலையை வணிகன் மடிப்பதை நினைமின். பூவிற்குப் பூ உள்ள அளவறிந்து மடிப்பின் பூவின்மேற் பூ வந்து பொருந்தும். அளவு சிறிது பிழைப்பினும் எல்லாம் குழம்பித் தோன்றும். அங்ஙனமே சரியான காலத்தின்படி மடித்த அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே வடிவைக் காட்டும்.

அவ்வடிவில் ஒரு சுற்றுக்கு இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒவ்வொரு விண்மீனும் மற்றதன் பின்னே ஒருமுறை மறைதலின் என்க. பெரிய விண்மீன் மறையும்போதே பள்ளம் ஆழமாகும் என்று நம்மனோர் பலர் கருதுவர். அது தவறு. பாதை வட்டமாயின், இருமுறையும் மறைபடும் பரப்பு ஒரே அளவினது. ஆகவே, வெம்மை மிக்க பரப்பு மறையும்போது இழப்பு மிகுதி. வெம்மை குறைந்த பரப்பு மறையும்போது இழப்பு குறைவு. பள்ளங்களின் ஆழம் உருவளவைக் கூறாது உஷ்ணத்தைக் கூறுகின்றது. உருவளவை அறியப் பள்ளத்தின் அகலத்தையும் அடியையும் நோக்குதல் வேண்டும். அடி தட்டையாயின், ஒன்று மற்றதன் முன்னரோ பின்னரோ முழுதும் அடங்கிநின்றது. கூர்மையாயின், ஒரு பகுதியே மறைந்தது. இரண்டாம் பள்ளம் நட்டநடுவில் விழாது ஒருபுறம் ஒதுங்கியிருப்பின், பாதை பெரும்பாலும் நீள்வட்டமாகும்.

இக்கோடுகளை வானநூலார் மூவகையாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு விண்மீனின் பெயரையே இட்டு வழங்குகின்றனர். அப்பெயர்கள் நாவிற்கு இனியனவல்ல. ஆயினும் உலகெங்கும் வழங்குவன அவையே.

அல்கோல் வகையில், கிரகணம் அல்லாத வேளையில் ஒளி ஏறத்தாழ மாறாது நிற்கும்; கோடு சமவெளிபோற் சென்று திடீரெனப் பள்ளத்தில் இறங்கி ஏறும். அல்கோலின் சுற்று 2 நாள் 20 மணி 49 நிமிடம். அதில் மங்கித் தெளியும் நேரம் ஏறக்குறைய 10 மணி. ஆழத்தில் அதன் ஒளி மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைந்துவிடும். இரண்டாம் பள்ளமோ மிகச் சிறிது, கண்ணிற்குத் தோன்றாதது. அமெரிக்க அறிஞர் ஜோயல் ஸ்டெபின்ஸ் செலீனியக் கருவியொன்றைக் கொண்டு 1910-இல்தான் அதனை அளந்தறிந்தார். பெரும்பள்ளத்தைக் காண நமக்குக் கருவி வேண்டா. மார்கழி, தைத் திங்களில் முன்னிரவில் அல்கோல் நம் வடவானில் உயர்ந்து நிற்கும். அருகே ஆந்திரமேதா மண்டலத்துக் காமா விண்மீன் அதற்கு ஒத்த ஒளியுடையது. ஒருநாள் மங்கக் கண்டோர், மூன்றாம் நாள் 3 மணி 11 நிமிடம் முன்னதாகவே மீண்டும் அவ்வாறு காண்பர். சில முறைகளுக்குப் பின் அஃது பகலில் வீழ்ந்துவிடுமாதலின், வாய்ப்பைத் தவறவிடலாகாது.

பீட்டா லைரே வகையில் சமவெளியே இல்லை. கோடு எப்பொழுதும் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும். பள்ளங்கள் இரண்டும் ஆழத்தில் வேறுபடும். இதற்குக் காரணம் விண்மீன்கள் மிக நெருங்கியிருத்தலால் ஈர்ப்பினால் முட்டைபோல் நீண்டிருத்தலே. முட்டையைப் பக்கவாட்டில் நோக்கின் பரப்பு மிகுதியாகவும், முனையை நோக்கின் குறைவாகவும் தோன்றுமன்றோ? பீட்டா லைரேயின் சுற்று ஏறக்குறைய 13 நாள். அஃது ஆண்டுதோறும் 19 வினாடி நீண்டு வருகின்றது; ஒரு விண்மீனின் பொருள் மற்றொன்றில் ஓயாது பாய்ந்துகொண்டிருப்பதே அதற்குக் காரணம்.

மூன்றாவது, டபிள்யூ அர்சே மேஜோரிஸ் வகை. 1903-இல் போட்ஸ்டாமில் முல்லர், கெம்ப் என்னும் இருவர் கண்ட இவ்விண்மீனின் சுற்று 8 மணி நேரமே. இங்கே கோடு அலைபோல் உருண்டோடும். பள்ளங்கள் இரண்டும் ஏறத்தாழச் சமம். இரண்டு விண்மீன்களும் ஒரே போர்வையினுள் ஒட்டிக்கிடத்தலின் அவற்றின் மேற்பரப்பு உஷ்ணமும் ஒத்துவிடுகின்றது.

இதுகாறும் கூறியது கோட்டின் வடிவைப் பற்றியது. வடிவு ஒத்தன எல்லாம் தன்மையிலும் ஒத்தனவோ எனின், அன்று. இங்கேதான் பயில்வோர் இடறுவர். அல்கோலின் கதையே இதற்குச் சான்று. அதன் ஒளிமிக்க உறுப்பு நம் ஞாயிற்றைப்போல் மூன்று மடங்கிற்குச் சற்று மேற்பட்ட நிறையுடையது. மங்கிய உறுப்போ முக்கால் மடங்கும் நிரம்பாதது. நிறை மிக்க விண்மீனே விரைந்து மூப்பெய்தும் என்பது துணிபு. ஆனால் அல்கோலில் எளியதே மூத்துப் பருத்திருக்கின்றது, வலியது இளமையோடிருக்கின்றது. பிள்ளைக்குத் தந்தை இளையவனாகத் தோன்றிய இப்புதிரை 1955-இல் கிராபர்டு என்பார் விடுவித்தார். இன்று எளியதாயுள்ள விண்மீனே ஆதியில் வலியதாயிருந்தது. மூத்துப் பருத்தபோது தன் எல்லை கடந்து, நிறைந்த குளம் மறுகால் வழிவதுபோல் தன் பொருளைத் துணையின்மேற் சொரிந்து மெலிந்தது. அதே ஆண்டில் கோபால் என்னும் செக் நாட்டறிஞர், வடிவை விடுத்து இவ்வெல்லையையே அளவுகோலாக்கி, இரு உறுப்பும் எல்லைக்குள் அடங்கியன தனித்தவை, ஒன்று மட்டும் நிரம்பியது அரைத்தொடர்புடையது, இரண்டும் நிரம்பியன தொட்டுக்கொண்டவை என வேறொரு பாகுபாடு செய்தார். அல்கோல் அரைத்தொடர்புடையது. ஆரிகா மண்டலத்துப் பீட்டா விண்மீனோ, கோட்டளவில் அல்கோல் வகையே எனினும், தம்முள் தொடர்பற்ற இரட்டைப் பிள்ளைகள் போன்ற இரு விண்மீன்களால் ஆயது. அதன் பள்ளங்கள் சமமாதலின், கோட்டை மட்டும் நம்புவோர் அதன் சுற்றாகிய நான்கு நாளை இரண்டு நாளென்று பாதியாகக் கணக்கிடவும் கூடும். எனவே, கோடு வகையைச் சுட்டும். இனத்தைத் துணிய நிறமாலையும் வேண்டும்.

2009-இல் விண்ணிற் செலுத்தப்பெற்ற கெப்ளர் தொலைநோக்கி 2,800-க்கு மேற்பட்ட இத்தகைய இரட்டைகளைத் தந்தது. கேயா விண்கலத்தின் பட்டியலில் அவ்வாறு கருதத்தக்கன 21 லட்சத்திற்கும் மேலுள்ளன. இவற்றைக் கண்ணால் நோக்கிப் பிரிப்பது இயலாமையின் கணிப்பொறிகள் அத்தொழிலை மேற்கொண்டன. கெப்ளர் பட்டியலில் ஒவ்வொரு கோட்டிற்கும் 0 முதல் 1 வரை ஓர் எண் அளிக்கப்பெறும், 0.5-இற்குக் குறைந்தன பெரும்பாலும் தனித்தவை. எண் உயர உயர நெருக்கமும் உருத்திரிபும் மிகும். வேலி கட்டிப் பிரிக்காது வரிசையில் நிறுத்திய இம்முறையே இயற்கைக்கு ஒத்ததென எமக்குத் தோன்றுகின்றது.

கோட்டில் ஓர் இரட்டையின் முடிவையும் காணக்கூடும். 2008-ஆம் ஆண்டு விருச்சிக மண்டலத்தில் வி-1309 என்னும் விண்மீன் திடீரெனப் பேரொளி வீசிற்று. போலந்து அறிஞர்கள் அதற்கு முன் பல்லாண்டுகள் தற்செயலாய் அளந்துவைத்த குறிப்புகளைப் புரட்டினர். சுமார் 1.4 நாளாக இருந்த சுற்று ஆண்டுக்காண்டு மேலும் மேலும் விரைந்து சுருங்கியதும், கோட்டின் இரண்டு மேடுகள் மெல்ல ஒன்றானதும் புலப்பட்டன. ஒட்டிக்கிடந்த இரு விண்மீன்கள் ஒன்றில் ஒன்று வீழ்ந்து ஒன்றாயின என 2011-இல் அவர்கள் வெளியிட்டனர்.

இதனைக் கண்ட பின்னர், அன்ன மண்டலத்துக் கே.ஐ.சி. 9832227 என்னும் 11 மணிச் சுற்றுடைய இரட்டையின் காலமும் சுருங்குவதாக அமெரிக்கப் பேராசிரியர் மோல்னார் கணித்து, அது 2022-ஐ அடுத்து மோதிக் கண்ணுக்குத் தோன்றுமளவு ஒளிரும் என 2017-இல் அறிவித்தார். பத்திரிகைகள் அச்செய்தியை ஆரவாரத்தோடு பரப்பின. மறு ஆண்டில் சான் டியேகோ ஆராய்ச்சியாளர் 2003-ஆம் ஆண்டுக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்க்க, கிரகணங்கள் அக்கணிதத்தோடு அரைமணி நேரம் மாறுபட்டன. மேலும் துருவியபோது, 1999-ஆம் ஆண்டுக் கிரகண நேரம் ஒன்று பழைய கட்டுரையொன்றில் அச்சுப்பிழையால் 12 மணி தவறிப் பதிந்திருந்தமை வெளிப்பட்டது. பன்னிரண்டில் ஒரு சுற்றாகிய பதினொன்று கழிய எஞ்சியது ஒரு மணி. அவ்வொரு மணியே காலம் சுருங்குவதுபோற் காட்டிற்று. பேராசிரியரும் அத்திருத்தத்தை மறுக்காது ஏற்றுக்கொண்டார். 2022-உம் கடந்தது; அவ்விரட்டை மோதாது, முன்போலவே 11 மணிக்கொருமுறை தன் சுற்றை முடித்துக்கொண்டிருக்கின்றது.