சதுரகிரி மலை ஏறும் முன் இதயம் குறித்து அறிய வேண்டியவை

கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில் பகுதி மக்கள் பலர் ஆடி அமாவாசையை ஒட்டிச் சதுரகிரிக்குச் செல்கின்றனர். ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் அமைந்த இம்மலையைத் தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து நடந்தே ஏற வேண்டும். எல்லோரும் ஏறுகிறார்கள் என்பதால் எல்லோருடைய உடலுக்கும் அது ஏற்றதாகிவிடாது.

உயரமான மலைகளில் ஆக்சிஜன் குறைவால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தோன்றும். சதுரகிரிக் கோயில் அவ்வளவு உயரத்தில் இல்லை. எனவே, இங்கு ஏற்படும் நெஞ்சு இறுக்கத்தை மலைக்காற்றின் விளைவு என்று ஒதுக்கக் கூடாது. ஏற்றத்தில் இதயம் வேகமாகத் துடிக்கும். இதயத் தமனி ஏற்கெனவே சுருங்கியிருந்தால், அவ்வேளையில் இதயத் தசைக்கே போதிய இரத்தம் கிடைக்காது. ஆண்டு முழுவதும் விசைத்தறி முன் நின்றோ கடையில் அமர்ந்தோ வேலை செய்பவருக்கு, சமதளத்தில் தெரியாத அடைப்பு வழுக்குப்பாறை ஏற்றத்தில் முதன்முறையாக வெளிப்படலாம்.

நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை முக்கிய அறிகுறிகள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் சோர்வும் மட்டும் வரலாம். உடனே அமர்ந்துவிடுங்கள். மெல்ல இறங்கிவிடலாம் என்று நடப்பது இதயத்தின் சுமையைக் கூட்டும். வனத்துறையினருக்கோ மருத்துவ முகாமுக்கோ தகவல் அனுப்பி, தூக்கிச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். 108 ஊர்தியை அடிவாரத்துக்கு வரவழையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில், 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் கீழ், முதல் தவணை இதய மாத்திரைகள் வைக்கப்பட்டுள்ளன.

விரதத்தன்று உணவை விட்டுவிட்டுச் சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்குவோரையும், இரத்த அழுத்த மாத்திரையையும் சேர்த்தே விடுவோரையும் புறநோயாளர் பிரிவில் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். முன்னது மலைப்பாதையில் சர்க்கரை திடீரெனக் குறைந்து மயங்கச் செய்யும். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் கண்டால், நினைவு இருக்கும்போதே சர்க்கரை அல்லது குளுக்கோஸ் கொடுங்கள். விரதம் இருப்பதாயின் மாத்திரை அளவை முந்தைய வாரமே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

2015 மே மாதம் இம்மலையின் ஓடையில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர். மேலே மழை பெய்தால் நீர் வடியும்வரை ஓடையைக் கடக்காமல் காத்திருக்க நேரிடும். அதனால் மாத்திரைகளை ஒரு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள்.